கீரைச்சட்டி

1999 ஆம் ஆண்டு குளிர்காலம் முடிகிற நேரம், பாரிசில் ஒரே அறையில் இருந்த நாங்கள் மூன்று பேர் ஒரு படம் எடுப்பதென்று தீர்மானித்தோம். எங்களில் இரண்டு பேர் றெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவுகிறவர்கள். மற்றவர் விடிய நாலு மணிக்கு எழும்பி, தபால்பெட்டிகளுக்குள் விளம்பரப் பேப்பர் போடுகிறவர். சினிமா பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் யாழ்ப்பாணத்து ராஜாவிலும் வின்சரிலும் மனோகராவிலும் கலரியில் இருந்து பார்த்தவையும், பிறகு மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் வைத்து விடிய விடிய ஓடவிட்ட வீடியோப் படங்களும், லாச்சப்பல் கடைகளில் வாடகைக்கு எடுத்த கசற்றுகளும்தான். மூவருடைய வயதையும் கூட்டினால் நூறுக்குக் கிட்ட வரும். ஒரு தொழிலைப் புதிதாகத் தொடங்குகிற வயது அல்ல அது.

எங்களுக்குத் தெம்பு தர ஒரு பெயர் இருந்தது: பாலு மகேந்திரா. 1939 இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். கித்துள்கலவில் டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை எடுத்தபோது அதைச் சிறுவனாக நின்று பார்த்ததில்தான் ஆசை பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969 இல் வெளியே வந்தார். 1977 இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கினார். "அவர் எங்கடை ஆள்தானே" என்று நாங்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வோம். அவர் கல்லூரியில் படித்தவர் என்பதையும், படித்த பிறகும் முதற்படத்துக்கு எட்டு வருடம் எடுத்தது என்பதையும் வசதியாக மறந்துவிடுவோம்.

வேலை முடிந்து வந்து இரவு இரண்டு மணிவரை எழுதி ஒரு மாதத்தில் முதலாவது பிரதியை முடித்தோம். நாற்பது பக்கம். அதை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருவர் பேச மற்றவர் பதில் பேசுகிறார். இருவரும் ஓய்ந்ததும் மூன்றாமவர் வந்து நாட்டு நிலைமை பற்றிப் பேசுகிறார். கண்ணால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முழுதாக விளங்கக்கூடிய ஒரு வானொலி நாடகம் அது.

அதைத் திருத்தித் தரும்படி கேட்பதற்கு எங்களுக்கு ஒரேயொருவர்தான் இருந்தார். நாங்கள் அவரை மாஸ்ரர் என்போம். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பாரிசில் அவருக்கு இருந்த பெயர் வேறு: கேஸ் எழுதுகிற மாஸ்ரர்.

* * *

கேஸ் என்றால் என்னவென்று இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்களில் அநேகர் வாழ்க்கையில் எழுதிய, அல்லது எழுதுவித்த முதலாவது கதை அதுதான். 1951 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை அகதி என்பவருக்கு ஐந்து காரணங்களை வைத்திருக்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து. ஒரு மனிதனுக்கு ஊரில் நடந்தது எதுவானாலும் இந்த ஐந்தில் ஒன்றின் வழியாகத்தான் அது உள்ளே நுழையவேண்டும். திகதி இருக்கவேண்டும். இடம் இருக்கவேண்டும். ஒன்று நடந்ததால்தான் அடுத்தது நடந்தது என்று இருக்கவேண்டும். எழுதியதும் விசாரணையில் வாயால் சொல்லுவதும் ஒத்துப்போகவேண்டும்.

மாஸ்ரர் இதில் தேர்ந்தவர். காசு வாங்கமாட்டார். ஒரு பெட்டி சிகரட்டும் தேத்தண்ணியும் போதும். வந்தவனை முன்னால் இருத்தி, "முதல் எல்லாத்தையும் உன்ரை பாட்டுக்குச் சொல்லு, நான் எழுதேல்லை" என்பார். பிறகுதான் பேனையை எடுப்பார். எங்களுடைய நாற்பது பக்கத்தையும் அப்படித்தான் வாசித்தார்.

"உதிலை ஒருத்தனும் ஒண்டும் செய்யிறானில்லை. கதைச்சுக்கொண்டே இருக்கிறாங்கள். பாக்கிறவன் எதை வைச்சு நம்புறது?"

"என்ன செய்யவேணும் மாஸ்ரர்?"

"சின்னதாய் ஒண்டைக் குடுங்கோ. பெரிசாய்ச் சொன்னால் எல்லாருக்கும் சந்தேகம் வரும். சின்னதைச் சொன்னால் நம்புவாங்கள்."

திரைக்கதை பற்றிப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் புரட்டினோம். ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் வரும், காட்சியை எவ்வளவு பிந்தித் தொடங்க முடியுமோ அவ்வளவு பிந்தித் தொடங்கு என்றெல்லாம் படித்தோம். ஆனால் மாஸ்ரர் அன்று சொன்னதற்கு மேலாக எதையும் படித்ததாக நினைவில்லை. நாற்பது பக்கத்தை எறிந்துவிட்டுப் பதினேழு பக்கம் புதிதாக எழுதினோம். கோப்பை கழுவுகிற ஒரு பெடியன். அவனுடைய அகதி விண்ணப்பம். அதில் அவன் சொல்லும் கதை.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

எங்கள் அறையில் நாலாவதாக ஒரு பெடியன் இருந்தான். நாங்கள் தம்பி என்போம். 1997 இல் வந்தவன். அதற்கு முந்திய வருடம் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் இராணுவத்தால் பிடிபட்டுக் காணாமற்போனார்கள் அல்லவா, அவர்களில் அவனுடைய தமையனும் ஒருவர். ஒரு நாள் இரவு கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, நாங்கள் கேளாமலே சொன்னான். ஆமி வீட்டுக்குள் வந்தபோது அம்மா அடுப்பில் கீரை வைத்திருந்தாராம். அண்ணனைக் கொண்டுபோன பிறகும் கீரை அடுப்பில் கொதித்துக்கொண்டே இருந்ததாம். அவ்வளவுதான் சொன்னான். பிறகு கீரையைக் கழுவப் போய்விட்டான்.

எங்கள் மூவரில் ஒருவருக்கு அப்போது விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஊருக்குத் திரும்பிப்போக முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. அவரைத் தேடியது ஆமி அல்ல, எங்களுடைய ஆட்கள். பக்கத்தில் மொழிபெயர்ப்பதற்கு ஒரு தமிழர் இருக்கிற அறையில் அதைச் சொல்லும் துணிவு அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இருந்தது? மாஸ்ரர் யோசித்தார். தம்பியின் அண்ணன் எங்களவரின் அண்ணனானார். அடுப்பில் கீரை கொதித்தது. ஒருவரும் இறக்காததால் அது கருகி வீடெல்லாம் மணத்தது என்று மாஸ்ரர் ஒரு வரி சேர்த்தார். 1998 இல் எங்களவருக்கு விசா கிடைத்தது. மூவரில் அவர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சாப்பிட்டதும் படுத்ததும் ஒன்றாக, ஆகையால் அதுவும் மூவருடையதுதான்.

1999 தொடக்கத்தில் தம்பியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவன் மாஸ்ரரிடம் போகாமல் தானே சொல்லி எழுதுவித்திருந்தான். எழுத்தில் மார்கழி என்றும் விசாரணையில் ஐப்பசி என்றும் சொல்லியிருந்தான். அவனுக்கு நினைவிருந்தது மழை பெய்தது என்பது மட்டும்தான். கடிதத்தில் 'நம்பத்தகுந்ததாக இல்லை' என்று எழுதியிருந்தது.

படமெடுக்க வேண்டுமென்ற எண்ணம் எங்களுக்கு வந்தது அந்தக் கிழமைதான். ஆசை பல வருடமாக இருந்தது. எண்ணம் அன்றுதான் வந்தது.

* * *

கமரா ஒரு கலியாண வீடியோக்காரருடையது. சனியும் ஞாயிறும் அவருக்குக் கலியாணம், சாமத்தியவீடு. திங்கட்கிழமை கமரா சும்மா இருக்கும். எங்கள் றெஸ்ரோறன்றும் திங்கட்கிழமை பூட்டு. ஆகவே எங்கள் படம் முழுவதும் திங்கட்கிழமைகளில் எடுக்கப்பட்டது.

அந்த வருடங்களில் புதியவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது என்பதைச் சொல்லவேண்டும். பதினாறு மில்லிமீற்றர் பிலிமில் எடுப்பதென்றால் நானூறு அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும். சுருளுக்குக் காசு, கழுவுவதற்குக் காசு, பிரதி எடுப்பதற்குக் காசு. 1995 இல் சொனி கொண்டுவந்த விஎக்ஸ் 1000 என்ற டிஜிற்றல் கமராவில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கசற் ஒரு மணித்தியாலம் ஓடும். 1998 இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற டென்மார்க் படமான 'ஃபெஸ்ரென்' கையில் பிடித்த சின்ன வீடியோக் கமராவில் எடுக்கப்பட்டது என்று அறிந்தபோது, எங்கள் அறையில் நாட்டுக்குச் சமாதானம் வந்ததுபோல ஒரு கொண்டாட்டம்.

காசுக்குச் சீட்டுப் போட்டோம். இருபது பேர், மாதம் ஐந்நூறு பிராங். முதலாவது மாதமே நல்ல கழிவு கொடுத்து எடுத்தோம். கசற், ஒரு நல்ல மைக், இரண்டு விளக்கு, நடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் தயாரிப்புச் செலவு. சீட்டுக்காசு கட்டி முடிய ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. படம் அதற்கு முதலே முடிந்திருந்தது.

செய்யக்கூடிய பிழைகள் எல்லாவற்றையும் செய்தோம். இரண்டு பேர் எதிரெதிரே இருந்து பேசுவதைக் கோட்டைத் தாண்டி நின்று எடுத்ததால், வெட்டி ஒட்டியபோது இருவரும் ஒரே சுவரைப் பார்த்துப் பேசினார்கள். ஒரு நடிகர் இரண்டு திங்களுக்கு இடையில் மீசையை வழித்துவிட்டு வந்தார். குளிர்சாதனப் பெட்டியை நிற்பாட்ட மறந்ததால் ஒரு காட்சி முழுதும் அது இரைந்தது. மேடை நாடகத்தில் பழகியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டுமென்று கத்தினார்கள். எடிற்றிங் செய்துதந்த வீடியோக்காரர், பழக்கதோஷத்தில், விசாரணைக் காட்சியிலிருந்து அறைக்கு மாறுகிற இடத்தில் ஒரு இதயத்தை விரியவிட்டார். அதை எடுப்பிக்க அவருடன் ஒரு மாலை முழுதும் வாதாடினோம்.

குசினியில் கோப்பை கழுவுகிறவனாகத் தம்பியையே நடிக்கவைத்தோம். விசாரணையில் கதை சொல்லுகிற பகுதியை இருட்டில், குரலாக, எங்களில் ஒருவர் பேசினார். கடைசியில் ஒரு பெரிய சட்டியை அடுப்பில் வைத்துக் கீரையைக் கருகவிட்டு எடுத்தோம். அந்தத் திங்கட்கிழமை தம்பிக்கு வேறிடத்தில் வேலை. அவனுக்கு வேலை இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் அதை வைத்தோம். அதை அப்போது எங்களுக்குள்ளும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நாலு நிமிடம், வெட்டில்லாமல், அவன் அடிப்பிடித்த சட்டியொன்றைத் தேய்க்கிற ஷொட் ஒன்று இருக்கிறது. அவன் நடிக்கவில்லை. சட்டியைத் தேய்த்தான்.

* * *

பிரான்சில் படமெடுப்பவனுக்கு அரசு உதவுகிறது. 1946 இல் உருவான தேசிய சினிமா நிலையம் இருக்கிறது. இன்று விற்கிற ஒவ்வொரு சினிமா ரிக்கற்றிலும் 10.72 சதவீதம் வரியாக அங்கே போய், அடுத்த படங்களுக்குத் திரும்பி வருகிறது. ஹொலிவூட் படத்துக்கு வருகிற சனங்களின் காசிலும் ஒரு பங்கு பிரெஞ்சுப் படத்துக்கு வரும். புதிய இயக்குநர் ஒருவர் பெயரில்லாமலே திரைக்கதையைக் கொண்டு உள்ளே நுழையக்கூடிய நாடுகளில் இது முதன்மையானது. 'வசூல் முற்பணம்' என்ற உதவி 1959 இலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்குப் படம் பிரதானமாகப் பிரெஞ்சில் இருக்கவேண்டும். வெளிநாட்டு மொழிப் படங்களுக்கென 1984 இல் வந்த 'தெற்கு நிதி' தெற்கு நாடுகளின் படங்களைப் பார்த்தது. 2012 இல் அதன் இடத்துக்கு 'உலக சினிமாக்களுக்கான உதவி' வந்தது. பாரிசில் இருந்துகொண்டு, பாரிசு பற்றி, தமிழில் படமெடுக்கிறவன் எந்த வரிசையில் நிற்பது? அறைக்குள் நாங்கள் நாலு பேரும் ஒருவரோடொருவர் பிரெஞ்சில் கதைப்பதாக எழுதிப் பார்த்தோம். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

இந்தக் குறும்படத்தை நீட்டி ஒரு முழுநீளப் படமாக எழுதினால் என்ன என்று, அறிமுகமான ஒரு பிரெஞ்சுத் தயாரிப்பாளரிடம் கசற்றையும் கோப்பையும் கொண்டுபோனோம். கோப்பில் கதைச்சுருக்கம், காட்சிவிபரம், வசனம், ஏன் இந்தப் படத்தை எடுக்கிறோம் என்ற நோக்கக் குறிப்பு. நல்ல மனிதர். கோப்பி தந்தார். இரண்டு தரம் பார்த்திருந்தார். கீரைச்சட்டி அற்புதம் என்றார். தேய்க்கிற ஷொட்டை எடுத்துவிடுங்கள், அதில் ஒன்றும் நடக்கவில்லை என்றார். அதற்குப் பதிலாக ஊரை, ஆமியை, அடியை நாங்கள் பார்க்கவேண்டும் என்றார். இல்லாவிட்டால் இவன் ஏன் இங்கே வந்தான் என்பது நம்பத்தகுந்ததாக இராது.

திரும்பி வரும்போது மெத்ரோவில் ஒருவரும் பேசவில்லை. அந்தச் சொல்லை நாங்கள் மூவரும் முன்பே வாசித்திருந்தோம், தம்பியின் கடிதத்தில். அவர் அந்தச் சொல்லைச் சினிமாவுக்காகச் சொன்னார், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது: நாங்கள் எழுதியிருந்தது திரைக்கதை அல்ல, இன்னொரு கேஸ். தீர்ப்புச் சொல்ல இருக்கிறவர் எதை நம்புவார் என்று நினைத்து ஒவ்வொரு காட்சியையும் வைத்திருந்தோம். அந்த நாலு நிமிடத்தை மட்டும் எவருக்காகவும் வைக்கவில்லை.

அந்தக் கிழமையே வெளிமாவட்ட நகரமொன்றின் சிறிய குறும்பட விழாவிலிருந்து கடிதம் வந்தது. படம் தேர்வாகியிருந்தது. தம்பிக்கு நல்ல சேதி சொல்லுகிறோம் என்று முதல்முறையாகப் படத்தை முழுதாகப் போட்டுக் காட்டினோம்.

கீரை கருகியதும் அவன் எழும்பி நின்றான்.

"அண்ணை, உது எங்கடை வீட்டுக் கீரையெல்லோ?"

நாங்கள் ஓம் என்றோம்.

கொஞ்சநேரம் கழித்து, "விசாரணையிலும் உதைச் சொன்னனீங்களோ?" என்றான். எப்படி விளங்கியதோ தெரியாது. எங்களில் ஒருவர் தலையை ஆட்டினார்.

"நான் சொல்லேல்லை" என்றான். "வீட்டு விசயமெல்லோ. அவங்களுக்கு ஏன் எண்டு விட்டிட்டன்."

அவன் ஏசவில்லை. படத்தைக் காட்டவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுடைய மேன்முறையீடு அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரே கீரைச்சட்டி இரண்டு கோப்புகளிலும் ஒரு படத்திலும் இருக்க முடியாது. எங்களவருடைய விசாவும் போகலாம், தம்பியின் கதையும் பொய்யாகலாம். நாங்கள் இதைக் காரணமாகச் சொல்லி விழாவுக்கு எழுதிப் படத்தைத் திருப்பி எடுத்தோம். அது உண்மையான காரணம்தான். பயம் இல்லாதிருந்தால் எடுத்திருப்போமா என்று எங்களை நாங்கள் கேட்டுப் பார்த்ததுண்டு. பதில் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

இரண்டு மாதத்தில் தம்பி வேறு புறநகருக்கு அறை மாறிப்போனான். 2005 இல் அவனுக்கு விசா கிடைத்தது. நாங்கள் பிறகு படமெடுக்கவில்லை.

* * *

எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் எடுத்தார்கள். பாரிசில் வாழும் பிரதீபன் ரவீந்திரனின் குறும்படம் 2009 இல் பேர்லின் விழாவுக்கும், இன்னொன்று 2010 இல் கான் விழாவின் இயக்குநர்களின் இரு வாரத்துக்கும் போயின. ரொறன்ரோவில் லெனின் எம். சிவம் எடுத்த 'ஏ கன் அன்ட் ஏ றிங்' 2013 இல் ஷங்காய் விழாவில் காட்டப்பட்டது. 2015 இல் ஜாக் ஓடியாரின் 'தீபன்' கானில் தங்கப்பனை வாங்கியது. எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் கதாநாயகன். செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் குடும்பமாக நடித்துப் பிரான்சுக்கு வருகிற கதை. வசனத்தில் பெரும்பகுதி தமிழ். திரைக்கதை எழுதியவர்கள் மூவரும் பிரெஞ்சுக்காரர். இரவல் கதையில் வாழ்கிற மனிதர்களைப் பற்றி அவர்கள் எடுத்துவிட்டார்கள். நாங்கள் பதினாறு வருடத்துக்கு முன்பு அதே வாசலில் நின்று திரும்பி வந்தவர்கள்.

அந்தப் படம் ஓடிய கிழமை தம்பி ரெலிபோன் எடுத்தான். கலியாணம் முடித்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். "அண்ணை, எங்கடை படத்தை ஒருக்காப் போடுங்கோவன்" என்றான். 'எங்கடை' என்றுதான் சொன்னான்.

2016 இல் மாஸ்ரர் காலமானார். அவருடைய முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் முப்பது பேர் மண்டபத்தில் இருந்தார்கள். அதில் அரைவாசிப் பேருக்கு அவர் கேஸ் எழுதியிருப்பார். பழைய கமராவை இரவல் வாங்கிக் கசற்றைப் போட்டோம். இடைக்கிடை படம் சதுரம் சதுரமாக உடைந்தது. தேய்க்கிற ஷொட் வந்தபோது ஒருவரும் இருமக்கூட இல்லை. கோப்பை கழுவாதவர் அந்த மண்டபத்தில் யார் இருந்தது?

முடிந்ததும் தம்பி எங்களிடம் வந்தான்.

"எல்லாம் சரி அண்ணை. கீரை உப்பிடிக் கருகேல்லை."

"மாஸ்ரர்தான் கருகவைச்சவர்" என்றோம்.

"அம்மா இறக்கினவ" என்றான். "அண்ணனைக் கொண்டுபோன பிறகு கொஞ்சநேரம் வாசலிலை நிண்டவ. பிறகு உள்ளுக்கை வந்து சட்டியை இறக்கி, கடைஞ்சு, எனக்கும் தங்கச்சிக்கும் சோறு போட்டவ. நாங்கள் சாப்பிட்டனாங்கள்."

எந்தக் கேஸிலும் இதை எழுத முடியாது. எந்த அதிகாரியும் நம்பமாட்டார். பிள்ளையைக் கொண்டுபோன பிறகு சோறு போடுகிற தாயா என்று கேட்பார்கள். தயாரிப்பாளர்களும் கேட்பார்கள்.

இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படமெடுக்கிறார்கள். சீட்டுப் போடத் தேவையில்லை, திங்கட்கிழமை பார்த்திருக்கத் தேவையில்லை. சிலர் எங்களிடம் திரைக்கதையைக் காட்ட வருகிறார்கள். நாங்கள் மாஸ்ரர் மாதிரி, முதலில் எழுதாமல் சொல்லச் சொல்லிக் கேட்கிறோம். பிறகு ஒரு கேள்வி: இது யாருடைய கதை, அவரிடம் கேட்டாயா?

நாங்களும் தம்பியிடம் கேட்டிருக்கிறோம், அந்தச் சோற்றை எழுதட்டுமா என்று. "அம்மா இருக்கிறா அண்ணை, அவவைக் கேட்டுச் சொல்லுறன்" என்றான். இன்னும் சொல்லவில்லை.